கல்லை அறிவித்தவள்

றுமைஸாவும் நானும் உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். வரலாற்றுப் பாடத்தில் அவளுக்குத்தான் எப்போதும் கூடிய புள்ளி. பழைய குளங்களையும் அவற்றைக் கட்டிய அரசர்களையும் வரிசை பிசகாமல் சொல்லுவாள். நான் அவளுடைய கொப்பியைப் பார்த்துப் படித்துப் பாஸானவள். கடைசியில் டீச்சரானது நான். பரீட்சை எழுதிய வருடம் அவளுடைய வாப்பா மௌத்தானார். உம்மா இத்தாத் துக்க காலம் முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக மகளுக்குக் கலியாணம் பேசினார்.

மாப்பிள்ளை அட்டாளைச்சேனை அப்துல் ஹமீட். உழவு மிசின் ஓட்டுகிறவர், குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் வரிப்பத்தான்சேனைக்குப் பெண் வீட்டில் குடியிருக்க வந்தார். இரண்டு அறை வீடு றுமைஸாவின் பேரில். ஊருக்கு வெளியே புளியடிமேட்டில் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி, அதுவும் அவள் பேரில். அவளுடைய வாப்பா காடு வெட்டி, பெர்மிட் எடுத்து, சண்டைக் காலத்தில் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து இன்னொரு முறை காடு வெட்டிய காணி அது. மாரி மழைக்குக் கச்சானும் சோளமும் போடுவார்கள். மற்ற நேரம் மாடு மேயும்.

ஒரே மகள் ஹிமாயா. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு முதல் கவலை வீடுதான். வீடில்லாத பிள்ளையைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஹிமாயாவுக்குப் பதினேழு நடக்கும்போது புளியடிமேட்டில் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் கிழக்கு மூலையில் அலவாங்கு கல்லில் பட்டது.

கல் என்றால் சும்மா கல்லில்லை. ஆள் உயரத்தில் நாலு பக்கமும் செதுக்கிய தூண், படுத்துக் கிடந்தது. அலவாங்கால் நெம்பிப் பார்த்தால் மூன்று பக்கம் நிறைய எழுத்து. மற்றப் பக்கத்தில் சூரியன், பிறை, அவற்றுக்குக் கீழே ஒரு காகமும் ஒரு நாயும். றுமைஸா முந்தானையால் மண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாளாம். மேசன்மார் வேலையை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள்.

பக்கத்துக் காணிக்காரர் மீராமுகைதீன், அவளுடைய பெரியும்மாவின் மகன், அண்ணன் முறையில் அவளுக்குக் காக்கா. சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி வந்தார். கல்லைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“சம்மட்டி இரிக்கா?” என்று மேசனிடம் கேட்டார்.

“என்னத்துக்கு காக்கா?” என்றாள் றுமைஸா.

“உடைக்கத்தான். என்ட காணியிலயும் ரெண்டு வந்திச்சி. ஒண்டு அத்திவாரத்துக்குள்ள கிடக்கு. மத்தது கிணத்துக்கட்டு. ஆருக்காவது தெரியுமா? உனக்கே இப்பதான் தெரியும்.”

“இதுல எழுத்து இரிக்கி காக்கா.”

“அதாலதான் சொல்றன். எழுத்து இரிந்தா அரசாங்கத்து ஜீப் வரும். ஜீப் வந்தா காணி போகும். புள்ளைக்கு வீடு கட்டப் போறியா, கல்லுக்குக் காவலிரிக்கப் போறியா?”

அவள் மேசன்மாரை அனுப்பிவிட்டு, கல்லைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். பிறகு தொலைபேசியில் கோல் எடுத்தாள்.

“நீ டீச்சர்தானே. சொல்லு, என்ன செய்ற?”

இதில் என் பங்கை நான் மறைக்கப் போவதில்லை. அன்று காலையில்தான் பத்தாம் வகுப்புக்கு மரபுரிமைகளைப் பாதுகாப்பது பற்றிப் படிப்பித்துவிட்டு வந்திருந்தேன். புதிதாக ஒன்று கண்டெடுக்கப்பட்டால் அதை உடனே அறிவிப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று பிள்ளைகளை எழுதவும் வைத்திருந்தேன். அதையே அவளுக்கும் சொன்னேன்.

“அறிவி. நீயே போய்ச் சொன்னா உன்ன மதிப்பாங்க. கல்லச் சுத்திக் கொஞ்ச இடம் எடுப்பாங்க, அவ்வளவுதான்.”

“நானும் அப்படித்தான் நினைச்சன்” என்றாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பரீட்சைத் தாளில் தெரிந்த கேள்வி வந்தால் அவள் அப்படித்தான் பேசுவாள்.

அடுத்த நாளே தொல்பொருள் காரியாலயத்துக்குப் போய்க் கடிதம் கொடுத்தாள். ஒரு கிழமைக்குள் மதாரா என்ற சிங்களப் பிள்ளை வந்தாள். கம்பஸ் முடித்து வேலைக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. உடைந்த தமிழில் பேசினாள். ஒரு பிடவைத் துண்டை விரித்து மண்ணில் குந்தி, பல்துலக்கும் பிறஷால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். றுமைஸா குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இடையில் மதாரா நிமிர்ந்து கேட்டாளாம்.

“அக்கா, ஏன் நீங்க மறைக்க இல்ல? எல்லாரும் மறைக்கிறது.”

“நம்மட நாட்டுச் சாமான்தானே பிள்ள. மறைச்சி என்ன செய்ற?”

மதாரா கல்லோடு சேர்த்து அவளைப் படமெடுத்தாள். கல்லைச் சுற்றி நூல் கட்டி ஒரு சதுரம் போட்டாள். அறையொன்றின் அளவுதான் இருக்கும். “இவ்வளவு போதும் அக்கா, வீட்டை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டலாம்” என்று கையைக் காட்டிச் சொன்னாள்.

அந்த மாதம் நான் றுமைஸாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகள் முன்னால் பேசவைத்தேன். புது அபாயா உடுத்து வந்திருந்தாள். இருபது நிமிடம் பேசினாள். கல் எப்படிக் கிடைத்தது, தூண் கல்வெட்டு என்றால் என்ன, ஏன் உடைக்கக் கூடாது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளியே வரும்போது, “நானும் டீச்சராகி இரிக்கலாம், என்ன?” என்றாள். அவளை அவ்வளவு நிமிர்ந்து நடக்க நான் பிறகு பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து லொறியும் தூக்கி மிசினும் வந்தன. திறந்த வெளியில் கல் பழுதாகும் என்று சொல்லி, அதை வேறொரு ஊரிலுள்ள களஞ்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்துல் ஹமீட் கயிறு கட்ட உதவி செய்தார். கல் போய்விட்டது, இனி வீட்டு வேலையைத் தொடங்கலாம் என்று மேசனுக்கும் சொல்லியனுப்பினார்.

மேசன் வருவதற்கு முதல் அளவைக்காரர்கள் வந்தார்கள். அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்துவிட்டதாம். நூல் கட்டிய சதுரம் எங்கேயோ போய்விட்டது. றுமைஸாவின் ஒன்றரை ஏக்கரும், அதற்கு மேற்கே இரண்டு குடும்பங்களின் காணியில் பெரும்பங்கும் பாதுகாக்கப்பட்ட இடம். எல்லைக்கல் நட்டு, மூன்று மொழியில் போர்ட் அடித்தார்கள். தோண்டக் கூடாது, கட்டக் கூடாது, உழக் கூடாது. தமிழில் ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல்லில் ஒரு ‘க்’ இல்லை. கிழக்கே மீராமுகைதீனின் வேலியோடு எல்லை நின்றது. அவருடைய காணியில் எதுவும் கிடைத்ததாகப் பதிவில்லை.

அன்று பின்நேரம் அவர் வேலியருகில் நின்று அளவைக்காரர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். றுமைஸாவைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றாள் என்னிடம்.

மேற்குக் காணிக்காரர் இருவரும் அவளோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அதில் ஒருவருடைய மனைவி சந்தையில் வைத்து, “உன்ட வாப்பா வெட்டின காட்ட நீ திருப்பிக் குடுத்த. எங்கட காணி உனக்கு என்ன செஞ்சது?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. புதிதாக ஒரு ஜீப் ஊருக்குள் வந்தாலே, ‘றுமைஸாட ஜீப்’ என்று பிள்ளைகள்கூடச் சொல்லத் தொடங்கினார்கள்.

நான் மனு எழுதிக் கொடுத்தேன். ஒன்றல்ல, ஏழு. கல்லைத் தானாக முன்வந்து அறிவித்தவர், பெர்மிட் உள்ள காணி, வேறு நிலம் இல்லை, ஒரு பெண்பிள்ளை. ஒவ்வொரு மனுவிலும் அதே வாக்கியங்களை இடம் மாற்றி எழுதினேன். பதில் வராத மனுக்களே அதிகம். வந்த பதில்களில் விடயம் பரிசீலனையில் இருந்தது.

ஹிமாயாவுக்கு இருபது வயதானபோது நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. றிஷாட் என்ற பெடியன், தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருந்தான். அவனுக்கு ஹிமாயாவைப் பிடித்திருந்தது. அவளுக்கும்தான். இரண்டு முறை வந்து போனார்கள். மூன்றாம் முறை மாப்பிள்ளையின் உம்மா தனியாக வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“புள்ளையில ஒரு குறையும் இல்ல” என்று அவர் தொடங்கினார். “வீட்ட எங்க கட்டித் தருவீங்க எண்டு கேக்கத்தான் வந்தன். புளியடிமேட்டுக் காணி அரசாங்கம் எடுத்ததாமே?”

“எடுக்கல்ல மாமி. பேர் எங்கட பேர்தான். கட்டத்தான் ஏலாது” என்றாள் றுமைஸா.

“அப்ப அந்தக் காணியால என்ன பலன்?”

“இந்த வீட்டயே புள்ளைக்குக் குடுக்கிறம். நாங்க பின்னால ஒரு பத்திக் கொட்டில் இறக்கிக்கொண்டு இரிப்பம்.”

அந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார். “இன்ஷா அல்லாஹ், யோசிச்சிச் சொல்லி அனுப்பறம்” என்றார். சொல்லியனுப்பவில்லை. ஐந்து மாதத்தில் றிஷாட்டுக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது.

ஹிமாயா அழவில்லை. அந்தக் கலியாணத்தன்று உம்மாவுக்குப் பக்கத்திலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, “உம்மா, நீங்க கல்லுக்கு வீடு குடுத்தீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன் என்றாள் றுமைஸா என்னிடம். அடிக்கக்கூட ஒன்றும் மிச்சம் வைக்காமல் மகள் சொல்லிவிட்டாள்.

அந்த மாரியில் அப்துல் ஹமீட் உழவு மிசினை எடுத்துக்கொண்டு புளியடிமேட்டுக்குப் போனார். மனைவியிடம் சொல்லவில்லை. கல்தான் போய்விட்டதே, கச்சான் போட்டால் யாருக்கு நட்டம் என்று நினைத்திருக்கிறார். நாலு சால் ஓடியிருக்கும். காவலுக்கு இருந்தவன் கோல் எடுத்துச் சொல்லிவிட்டான். மிசினோடு அவரைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாக்கப்பட்ட இடத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்கு. தவணை தவணையாகக் கோட்டுக்கு அலைய முடியாமல் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினார். கட்டினால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை. அடுத்த வருடம் கட்டாரில் அவருக்கு லொறி ஓட்டுகிற வேலை சரிவந்தது. ஹிமாயாவுக்கு ஊருக்குள் ஒரு துண்டு வளவு வாங்கிவிடலாம் என்று கணவனும் மனைவியும் பேசிப் பேசி இருந்தார்கள். பொலிஸ் றிப்போட் எடுக்கப் போனபோது அந்த வழக்கு அதில் வந்து நின்றது. தேசிய மரபுரிமைக்குச் சேதம் விளைவித்த குற்றவாளி. கயிறு கட்டிக் கல்லை லொறியில் ஏற்றிக் கொடுத்த மனிதர். ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் றுமைஸா கல்லைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். நான் லீவு போட்டு அவளோடு போனேன். இரண்டு பஸ் மாறி, களஞ்சியத்தைத் தேடிப் பிடித்தபோது பகல் ஒரு மணி. கல் கட்டிடத்துக்குள் இல்லை. வாகனம் நிறுத்துகிற கொட்டிலுக்குப் பக்கத்தில், மழை படுகிற இடத்தில், இன்னும் பத்துப் பன்னிரண்டு கல்லோடு கிடந்தது. வெள்ளைப் பெயின்டில் நம்பர் அடித்திருந்தார்கள். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றது.

மதாரா அங்கேதான் மாற்றலாகி இருந்தாள். எங்களைக் கண்டதும் முதலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளி வைத்தாள். அவள் மெலிந்திருந்தாள், தமிழ் முன்னைவிடத் திருந்தியிருந்தது.

“அக்கா, நான் சின்னச் சதுரம்தான் எழுதிக் குடுத்தேன். மேல போகப் போக அது பெருசாச்சு. நான் கேட்டதுக்கு எனக்கும் மாற்றம் வந்தது” என்றாள்.

றுமைஸா “இதுல என்ன எழுதியிரிக்கி?” என்று மட்டும் கேட்டாள். நாலு வருடமாக அவளுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

மதாரா உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்து, தேடித் தேடித் தமிழில் சொன்னாள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரச கட்டளை. இந்த எல்லைக்குள் அரசனுடைய ஆட்கள் நுழையக் கூடாது. இங்கே உள்ளவர்களின் வண்டியையும் எருதையும் பிடிக்கக் கூடாது. உழுகிறவனை உழவிலிருந்து எழுப்பக் கூடாது. வரியென்றும் வேலையென்றும் கேட்டு யாரும் வாசலுக்கு வரக் கூடாது.

“காகமும் நாயும்?” என்று நான் கேட்டேன்.

“இந்தக் கட்டளையை மீறுகிறவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான்” என்றாள் மதாரா. சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

றுமைஸா சிரித்தாள். அதைச் சிரிப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் வேறு சொல் தெரியவில்லை.

“இத அப்படியே எழுதித் தாங்க பிள்ள. சீல் அடிச்சித் தாங்க. மனுவோட சேர்க்கிறன்.”

“ஏலாது அக்கா. இது என்னுடைய வாசிப்பு. இன்னும் அங்கீகரிக்க இல்ல. அறிக்கையில வந்தாப் பிறகுதான்.”

“எப்ப வரும்?”

மதாரா தலையை ஆட்டினாள். எப்போது என்று அவளுக்கும் தெரியாது.

பஸ்ஸில் வரும்போது றுமைஸா என் பையிலிருந்து கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, மதாரா சொன்னதை ஞாபகத்திலிருந்து வரி வரியாக எழுதினாள். ஒரு வரியும் விடவில்லை. நான் அதை எட்டாவது மனுவோடு வைத்து அனுப்பினேன். அந்த மனுவுக்கு மட்டும் ஒரு மாதத்துக்குள்ளேயே பதில் வந்தது. குறித்த கல் தற்போது அவ்விடத்தில் இல்லாதபோதிலும், அது கண்டெடுக்கப்பட்ட இடம் என்ற வகையில் நிலத்தின் பாதுகாப்பு நீடிக்கும். மேலும், இணைக்கப்பட்ட கையெழுத்துத் தாள் எதனுடன் தொடர்புடையது என்பது விளங்கவில்லை.

இனி மனு வேண்டாம் என்றாள். நானும் கொப்பியை மூடினேன்.

ஹிமாயா தூரத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். பெருநாளைக்கு மட்டும் வருகிறாள். உம்மாவுக்குச் சாரி, வாப்பாவுக்குச் சாரம் கொண்டுவருகிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள். புளியடிமேடு என்ற சொல்லை மட்டும் அவளும் எடுப்பதில்லை, அவர்களும் எடுப்பதில்லை. மீராமுகைதீன் தன் காணியில் இரண்டாம் மாடி ஏற்றி, இரண்டு மகளுக்கும் கலியாணம் செய்து கொடுத்துவிட்டார். றுமைஸா சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் வேலைக்குப் போகிறாள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. இதை அவளே என்னிடம் சொல்லி, “பகிடி விடாத” என்றாள். நான் விடவில்லை.

அந்த ஆலையில் அவளோடு வேலை செய்கிறவள் இராசாத்தி, வீரமுனைக்காரி, புருஷனில்லாதவள். போன பங்குனியில் மதியச் சாப்பாட்டு நேரம் இராசாத்தி தொலைபேசியை நீட்டினாள்.

“றுமைஸாக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. எங்கட வளவுக்குள்ள கிணறு வெட்டக்குள்ள வந்தது. நீங்க படிச்ச ஆள்தானே.”

றுமைஸா பார்த்தாள். ஒரு நீளக் கல். அதில் அன்னங்கள் வரிசையாக, ஒன்றுகூட உடையாமல், ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு பூக்கொடி. இப்படியொன்றைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். தன் கல்லைவிட இது பெரிய விடயம் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“வடிவா இரிக்கு என்ன?” என்றாள் இராசாத்தி. “அரசாங்கத்துக்குச் சொல்லணுமாமே. சொல்லட்டா?”

“ஆருக்குக் காட்டின?”

“உங்களுக்குத்தான்.”

“வளவு எவ்வளவு?”

“முப்பது பேர்ச். அதுதான் எனக்கும் பிள்ளைக்கும் இருக்கிறது.”

றுமைஸா கொஞ்ச நேரம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

“மண்ணப் போட்டு மூடு. பத்தடி தள்ளி வேற கிணறு வெட்டு. ஆர் கேட்டாலும் பாறை வந்திச்சி எண்டு சொல்லு.”

“அப்ப இந்தப் படம்?”

“இஞ்ச தா” என்று தொலைபேசியை வாங்கி, படத்தைத் தானே அழித்தாள். அழிப்பதற்கு முன் விரலால் பெருப்பித்து, அன்னங்களை ஒவ்வொன்றாக எண்ணினாளாம். பதினொன்று.

இதை அவள் எனக்குச் சொன்னது ஒரு மாதம் கழித்து. அதற்கு முதல் கணவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்று வேலை முடிந்து வந்து, அடுப்பில் உலை வைத்துக்கொண்டு சொன்னாளாம். அப்துல் ஹமீட் முற்றத்தில் உழவு மிசினின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்ல வேல செஞ்ச புள்ள” என்றார்.

காணி போன நாளிலிருந்து அவர் அவளை ஒரு தடவையும் குற்றம் சொன்னதில்லை. புகழ்ந்ததும் இல்லை. இதுதான் முதல் தடவை. றுமைஸா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அவர் திரும்பவும் சக்கரத்தைக் கழுவத் தொடங்கினார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “நீ இப்பவும் அந்தப் பாடம் படிப்பிக்கிறியா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஓம்” என்றேன். “பாடத்திட்டத்தில இரிக்கி.”